வழிச்செலவுக் கொப்பி

தலைவர் அவர்களே, சனசமூக நிலைய நிர்வாகத்தினரே, முன்னுக்குப் பாயில் இருக்கிற ஆச்சிமாரே, மதிலில் குந்தியிருக்கிற தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

"இந்த நாட்டில் வைத்தியம் இலவசம்தானே, பிறகேன் வருத்தக்காரப் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்க வேணும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அரசாங்க ஆசுப்பத்திரியில் கட்டிலுக்குக் காசில்லை, டொக்டருக்குக் காசில்லை, சத்திரசிகிச்சைக்கும் காசில்லை. இதன் அருமை அமெரிக்காவில் இருக்கிற உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அந்த வாசல்வரை போகிற வழிக்குக் காசு வேணும்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தகப்பன் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இங்கே யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். தாய் பிள்ளையோடு வார்டில் நிற்பாள். தகப்பன் எங்கே படுப்பது? வீட்டில் நிற்கிற மற்ற இரண்டையும் ஆர் பார்ப்பது? போன நாட்களுக்குக் கூலி ஆர் கொடுப்பது? ஏதாவது பரிசோதனையை வெளியில் செய்துகொண்டு வரச் சொன்னால், தோடு அடகுக்குப் போகும். அதுவும் காணாவிட்டால் நுண்கடன். பிள்ளை சுகமாகி முற்றத்தில் ஓடித் திரியும்போதும் கடன்காரன் கிழமைக்கொருதரம் படலையில் நிற்பான். சத்திரசிகிச்சையோடும் முடிவதில்லை, பிறகு கிளினிக், கிளினிக் என்று வருடக்கணக்கில். பஸ் காசில்லாமல் ஒரு கிளினிக் தவறும். "ஏன் பிள்ளையைக் கொண்டுவரேல்லை?" என்று அடுத்தமுறை தாய்க்குத்தான் ஏச்சு விழும்.

இன்னொரு செலவு உண்டு, அதை ஒருவரும் கணக்கில் எழுதுவதில்லை. பாஷை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். வருத்தம் தமிழில் வந்தால் மருந்தும் தமிழில் விளங்கவேண்டும் என்பது அந்த வெள்ளைக்காரருக்கு விளங்கியிருந்தது. இன்றைக்குச் சிங்களம் தெரியாத எங்கள் தாய், கொழும்பில் கையெழுத்து வைக்கச் சொன்ன தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாஷை தெரிந்த ஒரு ஆளைக் கூட அனுப்புவதென்றால் இன்னொரு ரிக்கற்.

காசு சேர்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. எங்களுக்காக மற்றவர்கள் சேர்த்ததை ஒருக்கால் நினைக்கவேணும். 2011 யூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் தெற்கே தெவுந்தர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, 27 நாளில் ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்தார்கள். எதற்கு? இதோ எங்கள் தெல்லிப்பழைக்குப் புற்றுநோய் ஆசுப்பத்திரி கட்ட. வழிநெடுகச் சனம் சேர்ந்து நடந்தது. யுத்தம் முடிந்து இரண்டே வருடம், நினைத்துப் பாருங்கள்! 2013இல் கட்டடம் திறந்தது. 2016இல் அதே நடை பருத்தித்துறையில் தொடங்கித் தெற்குக்குப் போனது, காலியில் கராப்பிட்டிய ஆசுப்பத்திரிக்காக. அவர்கள் பெரிய வழியை நடந்து முடித்தார்கள். படலையிலிருந்து பஸ்தரிப்பு வரைக்குமான சின்ன வழிதான் எங்கள் பொறுப்பில் மிச்சம்.

பெரிய செலவுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. முன்னர் அதற்கும் கொழும்புக்குத்தான் அலையவேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பத் தெரிந்த தம்பிமார் மதிலில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஒளிக்க வேண்டாம், உங்களைத்தான் சொல்கிறேன்.

காசு கொடுக்கிற விதத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஐம்பதாயிரம் அனுப்புவோம். உடனே மூக்கில் குழாயோடு கிடக்கிற பிள்ளையின் படத்தைக் கேட்போம். தாய் கைகூப்பி நிற்கவேண்டும், பக்கத்தில் பெயர்ப்பலகை. அந்தப் பிள்ளை நாளைக்கு யூனியன் கல்லூரியில் படிக்கும்போது வகுப்புப் பிள்ளைகள் தொலைபேசியில் அந்தப் படத்தைப் பார்க்கமாட்டார்களா?

ஆச்சிமாருக்குப் பிடியரிசி தெரியும். உலையில் போடமுன் ஒரு பிடியை வேறு பானையில் போடுவீர்கள். அந்தச் சோற்றை ஆர் தின்றது என்று எந்த ஆச்சியாவது விசாரித்ததுண்டா? மாதம் நூறு ரூபா, இருநூறு ரூபா, அந்தப் பிடியளவு போதும். கிளினிக் திகதிக்கு முதல்நாள் பின்னேரம் வழிச்செலவு அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். திரும்பி வந்தபிறகு கொடுத்தால் அது கடன் அடைக்கத்தான் உதவும். கணக்குக் கேட்பீர்கள், கட்டாயம் கேளுங்கள். பஸ் துண்டும் மருந்துத் துண்டும் கம்பியில் கோர்த்து இங்கேயே தொங்கும். ஆர் வீடு என்பது தலைவருக்கும் செயலாளருக்கும் மட்டும் தெரிந்தால் காணும்.

சந்தையில் ஒரு கொப்பி வாங்கி வந்திருக்கிறேன். திகதி, தொகை, எவ்விடத்துக்கு என்று மூன்று பத்தி கீறியிருக்கிறேன். பெயருக்குப் பத்தி கீறவில்லை. முதலாவது வரியில் என்னுடைய ஆயிரம் ரூபா. செயலாளர் தம்பி, இந்தாரும், பேனையும் உள்ளே இருக்கிறது.