கேட்கும் செவியும் பாடும் குரலும்



இசைப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் ஒரு காட்சியைக் காணலாம். கீதம் பாடி முடித்த சிறுமி மேடையினின்று இறங்கி, தாயின் அருகே மகிழ்ச்சியோடு அமர்கிறாள். அடுத்து, அவள் வயதையொத்த மற்றொரு சிறுமி மேடையேறுகிறாள். வர்ணத்தை இரு காலங்களிலும் பிசகின்றிப் பாடுகிறாள். பின்னர்க் கீர்த்தனை ஒன்றைப் பாடி, அதற்குக் கற்பனைச் சுரமும் தொடுக்கிறாள். அவை ஆர்ப்பரிக்கிறது. கீழே அமர்ந்திருப்பவளின் முகம் வாடுகிறது.

அவ்வாட்டத்தைப் பொறாமை என்று கடிந்துவிடுதல் எளிது. ஆயின் அச்சிறு நெஞ்சில் வியப்பும், 'நமக்கு இது வாராதோ' என்னும் அச்சமும், 'நாமும் இவ்வாறு பாட வேண்டும்' என்னும் வேட்கையும் ஒருங்கே எழுகின்றன. சரளி வரிசையைத் தொடங்கியுள்ள குழந்தை அவ்வர்ணத்தைக் கேட்டு மகிழ்வதோடு அமையும். தாளம் போட்டு அலங்காரங்களை மூன்று காலங்களிலும் பாடிப் பழகிய குழந்தைக்கே இரண்டாம் காலத்தின் அருமை புலப்படும். ஆகவே அவ்வாட்டம் செவி வளர்ந்தமைக்கு அடையாளம். செவி முன்னே சென்றுவிட்டது. குரல் அதனை எட்டக் காலம் வேண்டும்.

அக்காலம் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. 1969இல் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1978இலேயே மேடையேறினார். 1908இல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயருக்கோ இளமையில் குரல் எளிதில் இணங்கவில்லை. அவர் தளராது பயின்று அக்குரலையே பண்படுத்தி, 1947இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். விரைந்து மலர்ந்தவரையும் உழைத்து மலர்ந்தவரையும் இசையுலகம் ஒருங்கே போற்றுகிறது.

விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் பெற்றோர் கூறும் சொல்லே அவ்வாட்டத்தின் போக்கை முடிவு செய்கிறது. "அவளைப் பார், நீ எப்போது இப்படிப் பாடுவாய்?" என்று கேட்டால், குழந்தை மறுநாள் தம்பூராவின் முன் அமரவே அஞ்சும். "அவள் பாட்டில் உனக்கு எது பிடித்தது?" என்று கேட்டால், சற்றுத் தயங்கி ஒரு சங்கதியை முணுமுணுக்கும். மறுநாட் காலையில் அதனையே பாடிப் பார்க்கும். பிழைபடினும் அது கற்றலே.

முன்னே சென்ற மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. தம் முறை வரும் வேளையில் மட்டும் அவைக்கு வந்து, பாடியவுடன் புறப்பட்டுவிடாமல், இளையோர் பாடும் கீதத்தையும் அவர்கள் அமர்ந்து கேட்டல் வேண்டும். நேற்று அவர்களும் அப்படியிலேயே நின்றனர். மூத்த மாணவி ஒருத்தி முன்வரிசையில் அமர்ந்து தாளம் போடக் கண்டால், மேடையில் நடுங்கும் சிறுகுரல் நிலைபெறும்.

ஒருவர் பாட்டை மற்றவர் மனமுவந்து கேட்கும் அவையில் எந்தக் குழந்தையும் பின்தங்குவதில்லை. அத்தகைய அவையைச் சிறாருக்கு அமைத்துத் தருதல் பெரியோர் கடமை.