தோற்ற அணியும் நாமும்

ஊரை விட்டு வெளியூர் சென்று குடியேறுவோர் தம்மோடு கொண்டு செல்லும் பொருள்களுள் சில கண்ணுக்குத் தெரிவன, சில தெரியாதன. காபி வடிகட்டி, தோசைக்கல், சாமி படங்கள் முதலியன முன்னவை. பின்னவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் ஆடும் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணியின்மீது நமக்குள்ள பற்றே அது. பற்று என்று மரியாதையாகச் சொல்கிறோம். வீட்டிலிருப்போர் இதற்கு வைத்திருக்கும் பெயர் பைத்தியம் என்பது.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கணக்கைப் பாருங்கள். ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டமே நம் ஊரில்தான் நடந்தது. 1934 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள், சேப்பாக்கத்தில், மதராஸ் அணி மைசூர் அணியை எதிர்த்து ஆடிற்று. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் நம் பக்கம் முடிந்தது. அவ்வளவு நல்ல தொடக்கம் வேறு யாருக்கு வாய்க்கும்? ஆயினும் அன்று தொட்டு 2025 வரை நாம் கோப்பையைக் கைக்கொண்டது இரண்டே முறை: 1954-55 இல் ஒன்று, 1987-88 இல் மற்றொன்று. இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றுத் திரும்பியது பத்து முறை. அப்பத்தில் ஐந்து பம்பாயிடம்.

இந்த ஐந்துதான் நம்மை வருத்துவது. ஏனெனில் நாம் குடியிருப்பது பம்பாயில், இன்றைய மும்பையில், மாதுங்காவில். தில்லியிலும் கல்கத்தாவிலும் இருக்கும் அன்பர்கள் தோல்விச் செய்தியைப் பத்திரிகையில் படித்துப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. வென்றவர்கள் மாடிப்படியில் எதிர்ப்படுவார்கள்.

நம் தந்தையார் ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு இந்நகருக்கு வந்தவர். 1955 இல் பாலு அழகணன் தலைமையில் மதராஸ் அணி இந்தூருக்குச் சென்று, ஹோல்கார் அணியை அவர்களுடைய மண்ணிலேயே 46 ஓட்டங்களில் வென்றபோது அவர் பள்ளி மாணவர். அந்த வெற்றியே அவரைக் கெடுத்தது என்று அம்மா சொல்வதுண்டு. இளமையில் ஒரு முறை கிடைத்த இனிப்பை ஆயுள் முழுவதும் எதிர்பார்த்திருந்தார்.

1972-73 ஆம் பருவத்தின் இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். வெங்கட்ராகவன் நம் தலைவர், வி. வி. குமாரும் உடன் இருக்கிறார். பந்து நன்கு சுழலும் களம். நம்மவர் இருவரும் சுழற்பந்து வீச்சில் கைதேர்ந்தவர்கள். பம்பாய் 151 ஓட்டங்களில் அடங்கிற்று. தந்தையார் கிங்ஸ் சர்க்கிள் பத்திரிகைக் கடையில் நின்றுகொண்டே அச்செய்தியைப் படித்தாராம். மறுநாள் வந்த செய்தி வேறு விதம்: நாம் 80. பின்னர் பம்பாய் 113, நாம் 61. களம் நம்மவருக்குச் சுழன்றது போலவே எதிரிக்கும் சுழன்றது. மூன்றாம் நாள் வீசப்பட்ட முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அத்துடன் பம்பாய் தொடர்ந்து பதினைந்தாவது முறையாகக் கோப்பையை எடுத்துக்கொண்டது.

நம்மை அவ்வாறு சாய்த்தவர் பத்மாகர் சிவால்கர். முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகள், இரண்டாவதில் 18 ஓட்டங்களுக்கு ஐந்து. அவர் ஆடி வந்த சிவாஜி பார்க், மாதுங்காவிலிருந்து நடக்கும் தூரம். தந்தையார் பல ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குப் போய், மைதானத்து ஓரத்தில் நின்று, அவர் பந்து வீசுவதைப் பார்த்துவிட்டு வருவார். "அவனிடம் தோற்றதில் வெட்கம் இல்லையடா" என்பார். 589 முதல்தர விக்கெட்டுகளை எடுத்தும் சிவால்கருக்கு ஒரு டெஸ்ட் ஆட்டத்திலேனும் இடம் கிடைக்கவில்லை. நம் குமாருக்குக் கிடைத்தவை இரண்டே. இருவரையும் ஒரே மூச்சில் சொல்லி வருந்துவது தந்தையாரின் வழக்கம். 2025 மார்ச்சில் சிவால்கர் காலமான செய்தி வந்தபோது, தந்தையார் இருந்திருந்தால் அன்று பகல் உணவைத் தொட்டிருக்கமாட்டார் என்று நமக்குத் தோன்றிற்று.

1988 இல் வாசுதேவனின் அணி சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை வென்று கோப்பையைக் கொணர்ந்தது. முப்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு! தந்தையார் இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்து கட்டடம் முழுவதற்கும் வழங்கினார். மேல்மாடி மராத்தி அன்பர் வாங்கிக்கொண்டு, பெண்ணுக்கு நிச்சயமாயிற்றா என்று விசாரித்தார். ரஞ்சிக் கோப்பை என்றதும் அவருக்கு விளங்கவில்லை. ஆண்டு தவறாமல் விருந்துண்பவர் வீட்டில் பொங்கல் சோற்றைப் பற்றிப் பேசியது போலாயிற்று. மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும்: தந்தையார் உத்தியோகம் பார்த்ததே ரயில்வேயில் அல்லவா? மறுநாள் அலுவலகத்தில் ஜாங்கிரி வழங்க அவருக்குத் துணிவு வரவில்லை.

இந்த நோய் பரம்பரையாக நமக்கு வந்தது. ஆனால் நம் மகனுக்கு வரவில்லை. வேறு வகையாய் எப்படி இருக்க முடியும்? பிறந்தது சயான் மருத்துவமனையில்; பந்தெறியக் கற்றது ஐந்து தோட்டங்களின் ஓரத்தில்; பள்ளித் தோழர்கள் எல்லாரும் இவ்வூரார். 2015 மார்ச்சில் தமிழ்நாடும் கர்நாடகமும் மோதிய இறுதி ஆட்டம் வான்கடே மைதானத்தில் நடந்தபோது அவனுக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துச் சென்றோம். நம்மவர் 134 ஓட்டங்களில் சுருண்டனர். பையன் பொறுமையாக அமர்ந்திருந்துவிட்டு, ரயிலில் திரும்பும்போது கேட்டான்: "அப்பா, நம்ம டீம், நம்ம டீம்னு சொல்றீங்களே, நம்ம டீம் மும்பைதானே?"

விடை சொல்ல நமக்கு இயலவில்லை. மாதுங்கா நிலையம் வந்துவிட்டது என்று சொல்லி அவனை எழுப்பி நிறுத்தினோம். நிலையம் வர இன்னும் இரண்டு நிறுத்தங்கள் இருந்தன.

அந்த ஆட்டத்தின் மீதியையும் கூறிவிடுவோம். கர்நாடகத்தின் முதல் ஐந்து விக்கெட்டுகள் நூறு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. அலுவலகத்தில் இதைக் கேள்வியுற்று நாம் கோப்பையையே கனவு காணத் தலைப்பட்டோம். பிறகு கருண் நாயர் வந்தார். 328 ஓட்டங்கள் எடுத்தார். அவர்கள் மொத்தம் 762. எல்லாம் போயிற்று என்றான பின்னர், இரண்டாம் இன்னிங்ஸில் தினேஷ் கார்த்திக்கும் விஜய் சங்கரும் சதமடிக்க, நம்மவர் 411 ஓட்டங்கள் சேர்த்தனர். தோல்வி ஓர் இன்னிங்ஸும் 217 ஓட்டங்களும். பத்திரிகையில் அந்த 411க்கு இரண்டு வரி. பற்றுடையவனுக்கோ அந்த இரண்டு வரியே போதும். அடுத்த பருவம் வரை அதை வைத்துக்கொண்டு காலந்தள்ளுவான்.

குறுகிய ஓவர் ஆட்டங்களில் நம்மவர் பல முறை வென்றதில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். வென்றதுண்டு. 2021 இல் தில்லியில், கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட, ஷாருக் கான் ஆறடித்து முஷ்டாக் அலி கோப்பையை வென்று தந்தார்; தில்லி நேயர்கள் சிலர் நேரில் கண்டுமிருப்பீர்கள். மஞ்சள் சட்டைச் சென்னை அணிக்கும் வெற்றிகள் உண்டு. அதன் அன்பர்கள் நாடெங்கும் உளர். அவற்றில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வெல்லும் அணியின் பக்கம் நிற்பதற்குத் தமிழனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. நம் மகனின் குஜராத்தி நண்பனும் அந்த மஞ்சள் சட்டையை அணிகிறான். நான்கைந்து நாள் நீளும் ரஞ்சி ஆட்டத்தின் ஓட்டக் கணக்கை, ஏறக்குறைய ஆளில்லாத மைதானத்திலிருந்து எதிர்பார்த்திருப்பவன் வேறு. அவனுக்கு ஊரோடு ஏதோ பாக்கி இருக்கிறது.

2024 மார்ச்சில் அரையிறுதி ஆட்டம் மும்பையில், பாந்திரா குர்லா வளாக மைதானத்தில். நம் வீட்டிலிருந்து சில கல் தொலைவே. எனினும் மகனும் நாமும் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் கண்டோம். நம்மவர் முதலில் ஆடி 146. மறுநாள் ஞாயிறு. மும்பை ஏழு விக்கெட் இழப்புக்கு 106! சாய் கிஷோர் விக்கெட்டுக்குமேல் விக்கெட்டாக வீழ்த்திக்கொண்டிருந்தார். பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது, மும்பைக்காரன். ஆயினும் அவன் எழுந்து போய் நமக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்து, "இன்னும் மூணுதான் அப்பா" என்றான்.

அந்த மூன்று விழவில்லை. ஷார்துல் டாக்குர் வந்தார். சிறிது நேரத்தில் காபி ஆறிவிட்டது. பையன் ஒவ்வொரு பவுண்டரிக்கும் கையை உயர்த்தப் போய், நம்மைப் பார்த்து இறக்கிக்கொண்டான். 80 ஓட்டங்கள், 90 ஓட்டங்கள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தது நம் தோல்வியைக் காட்டிலும் நமக்குப் பெரிதாய்த் தெரிந்தது. சொந்த வீட்டில், தன் ஊர் ஆட்டக்காரன் முதல்தர ஆட்டத்தில் தன் முதல் சதத்தை நெருங்குகையில், ஒரு பிள்ளை கைதட்ட அஞ்சுவதா? நம் தந்தையார் சிவாஜி பார்க்கின் ஓரத்தில் நின்றது நினைவுக்கு வந்தது.

"கைதட்டுடா" என்றோம்.

சதம் விழுந்தது. அவன் தட்டினான். நாமும் தட்டினோம். மும்பை 378, நம்மவர் மறுநாள் 162. ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும். மாலை மேல்மாடியார் மகன் படியில் எதிர்ப்பட்டான். ஒன்றும் சொல்லாமல் தலையசைத்துவிட்டுப் போனான். கேலி செய்திருக்கலாம்.

இரவு சாப்பிடும்போது பையன், சேப்பாக்கத்தில் எந்தப் பகுதியிலிருந்து ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று கேட்டான். கடற்காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதிலிருந்து தொடங்கினோம்.