மலை ஊராட்சிக்கும் ஒரு காற்றாலை

அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வந்து இறங்கினால், முகத்தில் அடிக்கிற காற்றில் கண் கலங்கும். ‘இம்மாம் காத்து வீணாப் போகுதே, இங்கே ஒரு காத்தாடி வெச்சா என்ன?’ என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

ஆனால், தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பெரும்பாலும் மலைமேல் நிற்பதில்லை. மலை இடைவெளி விட்ட இடத்தில் நிற்கின்றன. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு கணவாய்களை ஒட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிய தென்மேற்குப் பருவக்காற்று, கிடைத்த சந்தில் நெருக்கியடித்துப் பாயும்போது வேகம் பிடிக்கிறது. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் சோதனையாகத் தொடங்கிய வேலை இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கொல்லிமலையோ கிழக்கே தனித்து நிற்கும் மலை. சுற்றிக்கொண்டு போகக் காற்றுக்கு வழி இருக்கிறது. போதாக்குறைக்கு, நாற்பது ஐம்பது மீட்டர் நீள இறக்கையை அந்த எழுபது வளைவிலும் ஏற்றத் துணியும் லாரி ஓட்டுநரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதற்காகக் காற்றை மறந்துவிட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி என்ன செய்தது? குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் வந்த மின்கட்டணம் கழுத்தை நெரித்தது. 2006இல், தலைவர் சண்முகம் காலத்தில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். தங்கள் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று, அந்தக் கடனையும் அடைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அந்தக் காற்றாலை ஓடந்துறையிலேயே இல்லை! உடுமலைப் பக்கம் மைவாடியில் சுற்றுகிறது. காற்று எங்கேயோ அடிக்கட்டும், கணக்கு நம் ஊர் பெயரில் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

கொல்லிமலையை இந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே 20 மெகாவாட் நீர்மின் திட்டம் இருக்கிறது. ஓடைநீரைத் தடுத்து, சுரங்கவழியே இறக்கி, அடிவாரத்தில் மின்சாரம் எடுப்பது. ஆகாய கங்கை அருவி வற்றிவிடுமோ என்ற பயத்தை மலைவாசிகள் வாய்விட்டே சொன்னார்கள். தண்ணீர் மலையுடையது, மின்சாரம் மாநிலத் தொகுப்புக்கு. நீர்மின்சாரம் தப்பென்று சொல்லமாட்டேன். மலைக்கு அதில் பங்கு என்ன என்பதுதான் என் கேள்வி.

மின்சாரத்தின் அருமை அங்குள்ள பெண்களைக் கேட்டால் தெரியும். மலையில் விளையும் சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்திக் குத்தியே கை காய்த்துப்போகும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் சாமை அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகுதான் உலக்கைக்கு ஓய்வு கிடைத்தது. இயந்திரம் வந்தால் மின்கட்டணமும் வரும். அதைச் சமாளிக்க ஓடந்துறை வழி கைகொடுக்குமா?

ஓடந்துறை வாங்கிய அளவுக் காற்றாலையை இன்று யாரும் புதிதாக நடுவதில்லை. இப்போதையவை இரண்டு, மூன்று மெகாவாட். விலை பல கோடி, ஒற்றை ஊராட்சிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கொல்லிமலை ஒன்றியத்தில் பதினான்கு ஊராட்சிகள் இருக்கின்றன. சேர்ந்து கடன் கேட்டால் சமவெளியில் ஒரு காற்றாலையில் பங்கு வாங்க வழி உண்டா, அதற்கு மின்வாரியம் என்ன விதி வைத்திருக்கிறது? அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, இந்தக் கேள்விகளை எழுத்தில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.