சோழர் கல்வெட்டும் புதுக் கோட்பாடும்



பேரறிஞர் பேச வேண்டிய பொருளைப் பள்ளியிறுதியோடு படிப்பு நின்று, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் நான் பேச முற்பட்டது துணிவே. ஆயினும் இப்பொருளில் கணக்கெழுதுபவனுக்கும் ஓர் உரிமை உண்டு.

சோழர் அரசு எத்தகையது? 1930களில் சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய நீலகண்ட சாத்திரியார், அலுவலர் பலர் நிறைந்த வலிய பேரரசு என்றார். அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களை ஆராய்ந்து எய்டன் சவுத்தால் 1956-இல் வெளியிட்ட கோட்பாட்டை அவர் சோழர்க்குப் பொருத்தினார். அதிகாரம் அந்தந்த நாட்டாரிடமே இருந்தது; சோழநாட்டின் நடுப்பகுதிக்கு அப்பால் மன்னன் போற்றப்படும் தலைவனே அன்றி, நேரே ஆள்பவன் அல்லன் என்பது அவர் முடிபு.

இதைக் கேட்டவுடன் நம்மவர்க்குச் சினம் மூளுதல் இயல்பே. ஆனால் சினம் சான்றாகாது. அயலார் கூற்று என்று தள்ளுதலும், புதியது என்று தலைமேற் கொள்ளுதலும் ஆராய்ச்சி ஆகா.

சப்பானிய அறிஞர் நொபோரு கராசிமாவும், நம் சுப்பராயலுவும் செய்தது வேறு. அவர்கள் எண்ணினார்கள். கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர், பட்டப்பெயர், வரிப்பெயர் ஆகியவற்றை, எவ்வூரில், எவ்வாட்சியில், எத்தனை முறை எனப் பதிந்தார்கள். வரிப்பெயர்கள் பல, மிகுதியானவை அரிதாகவே வருவன. கடமை, அந்தராயம், எச்சோறு, வெட்டி முதலிய சிலவே மீண்டும் மீண்டும் வருவன. முதலாம் இராசராசன் நாடுகளின் மேல் வளநாடுகளை வகுத்தபோது, சில நாடுகளின் எல்லையைக் கடந்தே கோடு கிழித்தான். நாட்டாரே முழு உரிமையாளராயின் இது கைகூடுமோ? முதற் குலோத்துங்கன் காலம்வரை நடுவரசின் பிடி வலுவாக இருந்தது என்றே அவர்கள் கண்டனர். பெருங்கோட்பாட்டை அசைத்தது, பொறுமையான பேரேட்டு வேலையே!

எனினும் ஸ்டைனுக்கும் நாம் கடன்பட்டுள்ளோம். அரண்மனையையே பார்த்திருந்த கண்களை நாட்டார் பக்கம் திருப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். அவர் வினவியதனால்தான் விடையும் கூர்மையுற்றது.

இனி, நாம் வாழும் இம்மண்ணுக்கு வருவோம். கோலாரையும் பெங்களூரின் கீழ்ப்பகுதியையும் சோழர் நிகரிலிசோழ மண்டலம் என்றனர். பெயர் சூட்டியதனாலேயே ஆட்சி நடந்தது என்று கொள்ளலாகாது; இங்கே யார் நிலம் அளந்தார், யார் வரி கொண்டார் என்பதற்குக் கல்லே சாட்சி சொல்ல வேண்டும். எல்லைப்புறத்தில்தான் அக்கோட்பாடு மெய்யாகச் சோதிக்கப்படும். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ் 1905-இல் அச்சிட்டார். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும், மடிவாளச் சோமேசுவரர் கோயிலிலும் பிற்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசினால், கல்லை உடைத்துப் படிக்கட்டாக்கினால், பேரேட்டில் ஓர் ஏடு கிழிந்ததற்கு ஒப்பாகும். ஏடு கிழிந்தபின் எக்கோட்பாடு வென்றால் என்ன?

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை அக்கோயில்களுக்குச் செல்லுங்கால், இறைவனை வணங்கியபின் சுவரையும் ஒருமுறை நோக்குங்கள். பிள்ளைகளுக்கு ஓர் எழுத்தேனும் காட்டுங்கள். எவரேனும் பூச வந்தால், இன்சொல்லால் தடுத்து நிறுத்துங்கள்.