பட்டியலில் யார் இல்லை?



தேர்தலைக் கண்காணிப்பது வாக்குப்பதிவு நாளில் மட்டும் செய்யும் வேலை அல்ல. வாக்காளர் பட்டியலைப் பார்ப்பதில் அது தொடங்குகிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது.

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. அதற்காக வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். பல பெண்கள் அந்நியரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே சொன்னார்கள். தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. பீகார், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில் இது அதிகம். அந்தப் பெண்களின் பெயர் யாருக்குமே தெரியாதா? பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எழுத வந்தவருக்குத்தான் தெரியாது.

2025இல் பீகாரில் பட்டியலை முழுமையாகத் திருத்தினார்கள். ஆகஸ்டு 1ஆம் தேதி வரைவுப் பட்டியல் வெளிவந்தது. சுமார் 65 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரண்டு இடங்களில் பெயர் உள்ளவர் என்று காரணம் சொன்னார்கள். விடுபட்ட பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி ஆகஸ்டு 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஏன்? பெயர் வெளியே வந்தால்தான் ஊரார் பேச முடியும். தாளில் ‘இறந்தவர்’ என்று இருக்கலாம். அவர் காலையில் மாடு ஓட்டிப் போனதை ஊரார் பார்த்திருப்பார்கள். ‘குடிபெயர்ந்தவர்’ என்று இருக்கலாம். அவர் செங்கல் சூளை வேலைக்குப் போய், மழைக்கு முன் வீடு திரும்புபவராக இருப்பார்.

உள்ளூர்த் தொண்டரின் பலம் இதுதான். யார் இறந்தார், யார் மருமகளாக வந்தார், யாருக்கு 18 வயது ஆனது என்பது அவருக்குத் தெரியும். பெயர் சேர்க்கப் படிவம் 6. நீக்கக் கோரப் படிவம் 7. பிழை திருத்தப் படிவம் 8. இவற்றை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம்.

ஆனால் ஊருக்குள் பகையும் உண்டு. கட்சியும் உண்டு. வேண்டாதவர் பெயரை நீக்கச் சிலர் முயலலாம். தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுப்பது குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆகவே தொண்டர் தனியாக முடிவு செய்யக் கூடாது. சம்பந்தப்பட்ட வீட்டில் கேட்க வேண்டும். பலர் முன்னிலையில் சரிபார்க்க வேண்டும்.

படிக்கத் தெரிந்தவர் பட்டியலை உரக்கப் படிக்கட்டும். தெருவே கூடிக் கேட்கட்டும். விடுபட்டவர் யார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.