தோலுக்குத் தேவை வெயிலா, களிம்பா?

திருச்சி உறையூர் வெக்காளியம்மன் கோயில் கருவறைக்குக் கூரை கிடையாது. வெயிலும் மழையும் அம்மன் மேலேயே விழும். அந்த வெயில் நம் தோலில் படும்போது உடம்பு வைட்டமின் டி தயாரிக்கிறது. சொரியாசிஸ் வந்த தோலுக்கும் இதே வைட்டமினின் உறவுக்காரர் ஒருவர் மருந்தாக வருகிறார்.

1985இல் ஜப்பானில் எலும்புத் தேய்வுக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்குச் சொரியாசிஸ் குணம் கண்டது. அங்கிருந்துதான் ஆராய்ச்சி சூடுபிடித்தது. பிறகு வந்த களிம்பின் பெயர் கால்சிபோட்ரியால்.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள், சொரியாசிஸில் சில நாட்களிலேயே மேலே வந்து செதிலாகக் குவிகின்றன. களிம்பு அந்த அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிறது. பலன் தெரிய வாரங்கள் ஆகும். நான்கு நாளில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முகத்தில் தடவினால் எரியும். பெரியவர்களுக்கு வாரம் 100 கிராமுக்கு மேல் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். சாலிசிலிக் அமிலக் களிம்போடு கலந்தால் மருந்தே செயலிழக்கும். வைட்டமின் மாத்திரை இதற்கு மாற்று அல்ல.

உறையூர் என்றால் சுருட்டும் நினைவுக்கு வரும். புகை சொரியாசிஸுக்கு ஆகாது.

சொரியாசிஸ் தொட்டால் ஒட்டும் நோய் அல்ல. செதில் கண்டால் மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல், புத்தூர் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டுங்கள்.