ஸ்பாஞ்சு டப்பா

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் ஏதாவது பேசுங்கள் என்று செக்ரட்டரி சொன்னார். "பராமரிப்புக் கட்டணம் மட்டும் வேண்டாம் சார்" என்று கும்பிடும் போட்டுவிட்டார். அதனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நானும் என் மனைவியும் மகளோடு போய்ப் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டு விஷயமும் இதில் வரும். மனைவியிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. முன்வரிசையில்தான் இருக்கிறாள், மாற்றிச் சொன்னால் திருத்துவாள்.

நாடகம் என்றதும் நீங்கள் சபா, திரைச்சீலை, இடைவேளையில் போண்டா என்று நினைப்பீர்கள். இது அப்படி இல்லை. ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு காப்பிக் கடைக்கு மேலே ஒரு அறை. அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. லிஃப்ட் கிடையாது, படிகளும் செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொண்டு போங்கள். உள்ளே ஏ.சி. உறைய வைக்கிறது, சால்வை அவசியம். டிக்கெட் 300 ரூபாய். வாசலில் நின்ற பையனிடம், "தம்பி, நாடகத்தின் பெயர் என்ன? கதை யாருடையது?" என்று கேட்டேன். "இனிமேதான் அங்கிள் தெரியும்" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். கறுப்பு டீ சர்ட் போட்ட நான்கு பேர், இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது, ஒத்திகை பார்த்த காட்சி கிடையாது. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டு அந்த நிமிடமே நடிக்க ஆரம்பிக்கிறார்கள். இதற்கு இம்ப்ராவ் என்று பெயர். ஓப்பனிங் பேலன்ஸே இல்லாமல் கணக்கு ஆரம்பிக்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், 1930களின் கடைசியில், அரசாங்க வேலைத் திட்டம் ஒன்றில் இருந்திருக்கிறார். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளை நடிக்க வைக்க வேண்டும். அதற்காக அவர் விளையாட்டுகளாகவே பயிற்சி அமைத்தார். அந்த விளையாட்டுகளை வைத்துக்கொண்டுதான் அவருடைய மகன் பால் சில்ஸ், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 1959-இல் அங்கே செகண்ட் சிட்டி என்ற அரங்கைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கச் சின்னச் சின்ன அறைகளில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வேரிலிருந்து கிளைத்ததுதான்.

ஆனால் நமக்கு இது முழுக்கப் புதிது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்து விடிய விடிய முழித்திருக்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம்தான் அநேகமாக நடக்கும். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து. தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டி வருவார்கள். சேர்ந்து ஒத்திகை என்ற பேச்சே இல்லை, நேரே மேடைதான். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கிற தர்க்கம் இருக்கிறதே, அது அன்றைக்கு அவர்கள் வாய்க்கு வந்ததுதான். எங்கள் ஊரில் ஒரு வருஷம் வள்ளி விட்டுக்கொடுக்கவே இல்லை. கிழக்கு வெளுத்து, மாடு அவிழ்க்கிற நேரம் வந்த பிறகுதான் திருமணம் நடந்தது.

சரி, ஆழ்வார்பேட்டைக்கு வருகிறேன். முதல் இரண்டு காட்சி தேறவில்லை. ஒன்றில் பாதி இங்கிலீஷ், நமக்கு எட்டவில்லை. இன்னொன்றில் நடிகர்களே சிரித்துவிட்டார்கள். மூன்றாவது நன்றாக வந்தது. ஒரு பையன் வந்து, "டாக்டர், என் பல்லு ஆடுது" என்றான். அந்தப் பெண் டாக்டர் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. அவன் சொன்னதும் அவள் டாக்டர் ஆகிவிட்டாள். "பரவாயில்லை, பாட்டுப் போட்டா நல்லா ஆடும்" என்றாள். இவர்களுக்குள் முக்கியமான விதி இதுதானாம். எதிராளி எதைச் சொன்னாலும் "இல்லை" என்று தள்ளக் கூடாது. சரி என்று வாங்கிக்கொண்டு, மேலே ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, "வேலையில நீங்க தினமும் தொட்ட ஒரு பொருள் சொல்லுங்க" என்று கேட்டார்கள். கூட்டத்தில் லேப்டாப், மவுஸ் என்றார்கள். என்னையறியாமல் "ஸ்பாஞ்சு டப்பா" என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. இங்கேயும் சின்னவர்களுக்குத் தெரியாது. நோட்டு எண்ணும்போது விரல் நனைப்பதற்காக கேஷ் கவுண்டரில் வைத்திருக்கும் வட்டமான டப்பா, உள்ளே ஈர ஸ்பாஞ்சு. "சார், மேல வாங்க. அதைப் பத்தி ஒரு நிஜக் கதை சொல்லுங்க, நாங்க நடிக்கிறோம்" என்று ஒரு நாற்காலியைப் போட்டார்கள். ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்ல, அதிலிருந்து மற்றவர்கள் காட்சி எடுப்பது இந்தக் கலையில் ஒரு முறையாம்.

ஸ்பாஞ்சில் தண்ணீர் ஊற்ற மறந்த வேடிக்கையைத்தான் சொல்லப் போனேன். வாயில் வந்தது வேறு.

1986, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். கவுண்டரில் அப்படி ஒரு கூட்டம். பித்தளை டோக்கன்கள் கையைவிட்டுக் கை போய்க்கொண்டே இருக்கின்றன. 10,000 ரூபாய் கொடுக்க வேண்டிய ஒருவருக்கு இரண்டு ஐம்பது ரூபாய்க் கட்டுக்குப் பதிலாக ஒரு ஐம்பது ரூபாய்க் கட்டும் ஒரு நூறு ரூபாய்க் கட்டும் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 5,000 ரூபாய் ஷார்ட்டேஜ். என் சம்பளமே 2,000-க்கு உள்ளேதான். கேஷில் குறைந்தால் கேஷியர்தான் போட வேண்டும், அதுவும் அன்றைக்கே. அவர் வீட்டுக்கு ஓடினேன். "எண்ணித்தான் வாங்கினேன், சரியா இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

என் பையில் 2,000 ரூபாய் இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு முன்பணம், அன்று மாலை மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவதாக ஏற்பாடு. மீதி 3,000-த்தை பக்கத்து சீட் நண்பன், தங்கையின் தலை தீபாவளிச் சீருக்காக அன்று காலை எடுத்து வைத்திருந்ததை, ஒரு வார்த்தை பேசாமல் என் டிராயரில் வைத்தான். கணக்கு நேராயிற்று. மாதம் 250 வீதம் ஒரு வருஷத்தில் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

மேடையில் இவ்வளவுதான் சொன்னேன். ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்குத் தெரிந்த கதை வேறு. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பேங்க் மாப்பிள்ளை என்று என் மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் புதுப்புடவையோடு காத்திருந்தவளிடம் எண்ணத் தெரியாமல் பணத்தை விட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்த நண்பனுக்கு லோன் ஜாமீன் போட்டேன். அவன் கட்டலை, என்கிட்ட பிடிச்சுட்டாங்க. இன்னும் மாசாமாசம் பிடிப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு 1989-இல்தான் வந்தது. அவன் வந்த போதெல்லாம் அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் அவனுக்கு இரண்டாம் டிகாக்ஷன் காப்பிதான். எனக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

நடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் ஸ்பாஞ்சாகவே உட்கார்ந்துவிட்டாள். "எல்லாரும் என் மேல விரலை வெச்சுட்டுப் போறாங்க, ஒருத்தராவது சாப்பிட்டியான்னு கேட்டாங்களா?" என்று அழுதாள். பையன்கள் இருவரும் ஐம்பதும் நூறுமாக, திருவிழாவில் இடம் மாறிப்போன இரட்டைப் பிள்ளைகளாக வந்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அதில் ஒரு பையன் நான் ஆனான். வீட்டுக்கு வருகிறான். இன்னொரு பெண் மனைவி. நான் சொன்ன பொய் அவர்களுக்குத் தெரியாது, நான் அதைச் சொல்லவே இல்லை. "ஏன் லேட்டு?" என்றாள். அவன், "பணம் கொறஞ்சு போச்சு. என் தப்புதான்" என்றான்.

அவள், "சரி. சாப்பிட வா" என்றாள்.

விதிப்படி அவள் சரி என்றுதான் சொல்ல வேண்டும். அது எனக்கும் தெரியும். கூட்டம் சிரிக்கவில்லை, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷமாகப் பயந்து தள்ளிவைத்த காட்சி, நாலு விநாடியில் முடிந்துவிட்டது. மனைவி பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆட்டோவில் மகள்தான் பேசிக்கொண்டு வந்தாள். கோட்டூர்புரம் பாலம் தாண்டிய பிறகு மனைவி வாயைத் திறந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை போல. நானா இருந்தா அவ்வளவு சுலபமா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றேன்.

"ஆனா சோறு போட்டிருப்பேன்."

கொஞ்ச தூரம் போனதும், "அப்ப அவருக்கு இத்தனை வருஷமா நான் குடுத்த காப்பி?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வீடு வரும் வரைக்கும் மகளும் பேசவில்லை. அடுத்த நான்கு நாள் எனக்கு எந்தக் காப்பியும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் அவளே போன் செய்து அவனை வரச் சொன்னாள். பழைய வெள்ளை ஸ்கூட்டரில் நம் கேட்டில் வந்து நிற்பானே, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், அவன்தான். அவள் உட்கார வைத்து, "அண்ணா, உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன்" என்று முழுவதையும் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். "ஜாமீனா? உனக்கு வேற கதையே கெடைக்கலையாடா?" என்றான். அவள் உள்ளே போய், புதுப்பொடி போட்டு இறக்கிய முதல் டிகாக்ஷனில் நுரை பொங்கக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்ன தங்கச்சி, இன்னிக்கு இப்படிக் கசக்குது? எப்பவும் போடற மாதிரி லைட்டாப் போட்டுக் குடும்மா."